டைப்ரைட்டிங் தேர்வுக்கு ஒரு ஜோடி கையுறை

இராஜபாளையத்தில் என்ன குளிர் என்று சிரிக்காதீர்கள். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். விடியற்காலையில் சைக்கிள் மிதிக்கிறவளுக்கு அது முதலில் விரலைத்தான் துளைக்கும். 1992 மாசியில் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் டைப்ரைட்டிங் தேர்வு, காலை எட்டு மணி பேட்ச். போன தடவை நம்பி நின்ற பஸ் நிற்காமல் போனதில் தேர்வும் போயிற்று. இந்தத் தடவை பன்னிரண்டு கிலோமீட்டரும் சைக்கிள்தான் என்று முடிவு செய்தேன். மரத்துப்போன விரலோடு போனால் இதுவும் போகும். கையுறை வேண்டும்.

முதல் நாள் மாலை தென்காசி ரோட்டில் கடை கடையாக ஏறினேன். ஜவுளிக்கடையில் கம்பளி உறை முப்பத்தெட்டு ரூபாய். "காஷ்மீருக்கா போறிய?" என்றார் கடைக்காரர். போட்டுப் பார்த்தால் கனம். பிரேக் பிடிப்பதே தெரியாது. இரும்புக்கடையில் மில்காரர்கள் போடும் நூல் உறை ஆறு ரூபாய். விரலுக்கு ஓர் அங்குலம் தொங்கியது. மருந்துக்கடை ரப்பர் உறைக்குள் ஐந்தே நிமிடத்தில் வேர்வை. போங்கப்பா என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் வேலை பார்ப்பது பேண்டேஜ் கம்பெனியில். கழித்துப்போட்ட ரோல் இரண்டு வீட்டில் கிடந்தது. கை நிறையச் சுற்றினால் ஆயிற்று!

காலை 6.10. கூட வேலை பார்க்கும் மேரிக்கும் அதே பேட்ச். தன் வீட்டுக்காரரின் கறுப்புச் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏட்டி, கால்ல போடுறதப் போயி கையில மாட்டிருக்க! நாறலையா?"

"துவைச்சதுதாம்ட்டி. நீ என்ன, ஆஸ்பத்திரியில இருந்தா வாரே?"

சிரித்துக்கொண்டே மிதித்தோம். மேற்கே மலையிலிருந்து வந்த காற்று முகத்தில் அறைந்தது. எனக்குக் கை மட்டும் சுகம். கை இருப்பதே தெரியாத அளவுக்குச் சுகம்.

7.10. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்த இடத்தில் டீக்கடை. டீ எழுபத்தைந்து காசு. கிளாஸ் என் கையில் நிற்கவில்லை. கீழே விழுந்து உடைந்தது. விரல் மடங்கவே இல்லை. மேரி பதறிப்போய்க் கட்டைப் பிரித்தாள். விரல்கள் வெளுத்து, வரி வரியாகத் தடம் விழுந்திருந்தது.

"அடிப் பாவி, கம்பெனியில ரோல் சுத்துத மாதிரியே இறுக்கிச் சுத்தியிருக்கியே! ரத்தம் எப்படிட்டி ஓடும்?"

ஆறு வருஷப் பழக்கம். ரோல் தளர்ந்தால் சூப்பர்வைசர் திட்டுவார். கை தானாகவே இறுக்கிவிட்டது. இதுவும் போச்சே என்று நடுத்தெருவில் அழுதுவிட்டேன். மேரி சாக்ஸை உருவி என் கைகளில் மாட்டினாள். அவள் கைச்சூடு அதில் அப்படியே இருந்தது.

"அழாதட்டி. செத்த நேரத்துல சரியாயிரும்" என்று தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

விரலெல்லாம் ஊசியாகக் குத்தியது. ஏழே முக்காலுக்குத் தேர்வு மையம் வந்து சேர்ந்தபோது கட்டைவிரல் மடங்கியது. எட்டு மணிக்குப் பத்து விரலும் என் பேச்சைக் கேட்டன. ஸ்பீடு பேப்பரை மணி அடிக்குமுன் முடித்தேன்.

திரும்பும்போது நல்ல வெயில்; யாருக்கும் உறை தேவைப்படவில்லை. சந்தோஷமாக வீடு வந்து சைக்கிளை நிறுத்தினால், கொடியில் என் வீட்டுக்காரரின் சாக்ஸ் இரண்டு ஜோடி காய்ந்துகொண்டிருக்கின்றன. முந்தின நாள், கடைக்குக் கிளம்பும் முன் துவைத்துப் போட்டவளும் நான்தான்.