தலைக்குள் ஒரு பை

தோல் வளர்க்கிற தொழிலில் லீவு கிடையாது. தூங்கும்போதும் வேலை நடக்கும், விருப்பப்பட்ட பக்கம் படுக்க மட்டும் விடமாட்டார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் ஓ.பி. சீட்டோடு காத்துக் கிடந்த அனுபவசாலிகளே, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ப்ளஸ் ஒன் படிக்கும்போது நான் இந்தத் தொழிலில் இறங்கினேன். சின்ன வயதில் பட்டுக்குக் காய்ச்சிய சாயத் தண்ணீர் கொட்டி, தலையின் வலது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு முடியில்லாத தழும்பு. ஊரில் யார் குரலையும் அப்படியே பேசுவேன். ஆனால் மேடை ஏறினால் எல்லோருக்கும் கண் அந்தத் தழும்பில்தான்.

தளர்த்தி விடலாமா?

சென்னை டாக்டர் விளக்கினார். தொடைத் தோலை எடுத்து ஒட்டினால் அதில் முடி வராதாம். அதனால் தழும்புக்குப் பக்கத்தில், நல்ல தோலுக்கு அடியில் ஒரு ரப்பர் பை வைப்பார்கள். வாராவாரம் ஊசியால் அதில் உப்புத்தண்ணீர் ஏற்றுவார்கள். பை உப்ப உப்ப மேலே தோல் வளரும். போதுமான அளவு வளர்ந்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தத் தோலை நகர்த்தித் தழும்பு இருந்த இடத்தை மூடிவிடுவார்கள். நடுவில் அடிபட்டுப் பை கிழிந்தால் அத்தனையும் வீண்.

என் நைனா நெசவாளி. ராத்திரி தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலைத் தளர்த்திவிட்டால்தான் அவருக்குத் தூக்கமே வரும். இரண்டாவது ஊசியன்று டாக்டரிடம் பவ்யமாகக் கேட்டார்: "ராத்திரிக்கு மட்டும் தண்ணிய எறக்கி வுட்டுடலாங்களா சார்? இழுத்துக்கினே இருந்தா அறுந்துடும்."

"இது நூல் இல்லைங்க. இழுக்க இழுக்கப் புதுசா வளரும்" என்றார் டாக்டர்.

நைனா பெருமூச்சு விட்டார். "அந்த மாதிரி நூல் எந்தக் கடையில சார் விக்குது?"

பெருமாள் கோயிலில்

மூன்றாவது மாதம் தேங்காய் மூடியைக் கவிழ்த்தாற்போலத் தலை வீங்கியிருந்தது. நைனா வேண்டுதலுக்காகச் சின்னக் காஞ்சிபுரம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனார். பட்டர் ஒவ்வொரு தலையிலும் கிரீடம் போன்ற சடாரியை வைத்துக்கொண்டே வந்தார். என் முறை வந்ததும் நைனா இரண்டு கையாலும் என் தலைக்குக் குடை பிடித்துவிட்டார். "வாணாம் சாமி! கிரீடம் பட்டா பை கிழிஞ்சிடும்!"

பட்டர் கை அந்தரத்தில் நின்றது. அந்த இடைவெளியில் நான் அவர் குரலிலேயே, "நகருங்கோ, நகருங்கோ!" என்றேன். பின்னால் இருந்த வரிசை நிஜமாகவே நகர்ந்துவிட்டது. பட்டர் என் தலையையும் சடாரியையும் மாறி மாறிப் பார்த்தார். "உனக்குப் பெருமாள் ஏற்கெனவே ஒண்ணு சாத்திட்டார். போடா, குரல் திருடா!"

டாக்டர் பேசுறேன்

ஆபரேஷன் முடிந்தது. அம்மா என்னோடு இருந்தாள். கல்யாணப் புடவை ஒன்று பாதியில் நின்றதால் நைனா ஊருக்குப் போயிருந்தார். கட்டுப் பிரித்த அன்று தழும்பு இருந்த இடம் முழுக்க மூடியிருந்தது. உடனே எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, எங்கள் தெரு மளிகைக் கடைக்குப் போன் போட்டு நைனாவைக் கூப்பிடச் சொன்னேன்.

டாக்டர் குரலில் ஆரம்பித்தேன்: "உங்க பையன் தலை பூரா மூடியாச்சு. தோல் கொஞ்சம் மிச்சமாயிருக்கு. என்ன பண்ணலாம்?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு நைனா சொன்னார்: "வெட்டிப் போட்டுடாதீங்க சார். உள்பக்கமா மடிச்சுத் தச்சு வுட்டுடுங்க, பின்னால ஒதவும்."

வகிடு

முடி வளர்ந்ததும் சலூனுக்குப் போனேன். எனக்கு எப்போதும் முடி வெட்டுகிற அண்ணன் வழக்கமாக எதையும் கேட்கமாட்டார். இடது பக்க முடியை வாரி வலது பக்கம் படுக்க வைத்துவிடுவார். அன்றைக்கும் அப்படியே வாரப் போனவர், சீப்பை நிறுத்திவிட்டு வலது பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"வகிடு எந்தப் பக்கம்பா எடுக்கணும்?"

இதுவரை என்னை யாரும் கேட்காத கேள்வி. கண்ணாடியில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தழும்பு இருந்த இடத்தைத் தேடினேன்.

"இன்னாபா, ஊர்ல இருக்குற கொரலெல்லாம் பேசுவ, இதுக்குப் போயி முழிச்சிக்கினு இருக்குற? லெப்டா, ரைட்டா?"

மாதக்கணக்கில் பாடுபட்டு வளர்த்த சரக்கு எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலாளிக்கே கண்ணாடியில் தேட வேண்டியிருக்கிறதே, இந்தத் தொழிலில் இதுதான் லாபம்.