பிளாஸ்திரி ஒட்டிய மணி

எங்கள் விஜயநகர் வீட்டு அழைப்புமணியின் பொத்தான்மேல், மஞ்சளித்துப்போன மருத்துவப் பிளாஸ்திரி ஒன்று குறுக்காக ஒட்டியிருக்கிறது. மணிக்கு என்ன காயம் என்று கூரியர்காரர்கள் கேட்பதுண்டு. குழந்தையின் மூக்குக் குழாய்க்கு வாங்கியதில் மிஞ்சியதை எடுத்து ஒட்டியவர் என் அண்ணி, அண்ணனின் மனைவி.

என் மகள் இரண்டு மாதம் முந்திப் பிறந்துவிட்டாள். எங்கும் நேரத்துக்குப் போய்ச் சேராத அப்பனுக்கு இப்படி ஓர் அவசரக்காரி. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டே விஷயம் சொன்னார். கூட்டம் ஆகாது, ஒருவர் சளி போதும். இன்னொன்று, இவ்வளவு சின்னக் குழந்தை எப்போதாவது மூச்சுவிட மறக்கலாம். மறந்தால் பாதத்தைத் தேய்த்து நினைவூட்டி, உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள். நானும் எவ்வளவோ மறந்திருக்கிறேன். மூச்சை மறக்க முடியும் என்பது அன்றுதான் தெரிந்தது.

எங்கள் வீடோ சத்திரம். அண்ணனின் டியூஷன் பிள்ளைகள், சபைப் பாடகர் குழு, சொந்த ஊர் ராமாபுரத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்து தங்கும் சொந்தக்காரர்கள். பள்ளி ஆசிரியையான அண்ணி ஒரே நாளில், வாசல் மணியோடு சேர்த்து, அதை மூடினார். கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவாமல் அண்ணன்கூடக் குழந்தையின் அறைக்குள் வர முடியாது. வந்தவர்களுக்குக் கேட்டிலேயே காபி. "நான் என்னம்மா, திருடனா?" என்றார் ஒரு மாமா. "நீங்க நல்லவங்கதான் மாமா. உங்க மூக்குதான் சரியில்ல" என்றார் அண்ணி.

மனைவி தூங்கும் வேளைகளில் குழந்தையை வெற்று மார்பில் சாய்த்து, அண்ணியின் பழைய காட்டன் சேலையால் கட்டிக்கொண்டு உட்கார்வது என் பொறுப்பு. "தம்பி, சிரிக்காதீங்க. தொப்பை குலுங்குது, பாப்பா முழிச்சுக்கும்." நான் சிரிக்கக் கூடாது என்பது மீனை நீந்தாதே என்பது மாதிரி.

டிசம்பர் வந்தது. கேரல் குழுவில் வருஷாவருஷம் நான்தான் கிறிஸ்துமஸ் தாத்தா. கேக்கும் காபியும் உண்டு என்பதால் எங்கள் வீட்டில்தான் பாட்டை முடிப்பார்கள். இந்த முறை வர வேண்டாம் என்று சொல்லும் வேலையை அண்ணி என்னிடம் விட்டார். 'வந்தால் அண்ணி கடித்துவிடுவார்' என்று குழுவின் வாட்ஸப்பில் எழுதினேன். எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். பிறகு வந்தார்கள்.

இருட்டுகிற நேரம். கேட்டருகே டிரம் அதிர்ந்தது. அண்ணி ஓடிப்போய், வகுப்பை அடக்குவதுபோல் ஒரு கையைத் தூக்கினார். சட்டென்று அமைதி. அந்த அமைதியில்தான் எனக்கு உறைத்தது: என் மார்பில் துடித்துக்கொண்டிருந்தது என் நெஞ்சு மட்டுமே. குனிந்து பார்த்தேன். உதடு நீலம் பூத்திருந்தது. பாதத்தைத் தேய்த்தேன். அசைவில்லை. மறுபடி தேய்த்தேன்.

அண்ணி கேட்டிலிருந்து திரும்பி, ஜன்னல் வழியே என் முகத்தைப் பார்த்தார். அதில் சிரிப்பில்லாதது அவருக்குப் போதும். ஓடிவந்தார்; வாஷ்பேசினைத் தாண்டி நேராக வந்து அந்தக் கட்டைவிரலளவுப் பாதத்தில் சுளீரென்று சுண்டினார். ஒன்றுமில்லை. மீண்டும் சுண்டினார். பூனைக்குட்டி முனகுவதுபோல் ஒரு சத்தம். அப்புறம் அழுகை. டிரம் அடித்தவரின் காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். அங்கே சில நாள் வைத்திருந்து, நல்லபடியாகத் திருப்பித் தந்தார்கள்.

இப்போது மகள் பள்ளிக்குப் போகிறாள். வீடு மறுபடி சத்திரம். அண்ணனும் அண்ணியும் பெங்களூரில், மகனோடு. போன டிசம்பரில் வந்த அண்ணி, பழக்கத்தில் மணியைத் தொடாமல் கேட்டைத் தட்டினார். இந்த ஊர்ப் பள்ளியில் தமிழைவிடக் கன்னடம் சரளமாகிவிட்ட என் மகள் ஓடிப்போய் வாசலை மறித்து, குழாயைக் காட்டினாள்: "பெரியம்மா, மொதலு கை தொளக்கொள்ளி."

அண்ணி குழாயடிக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு ஒரு நாள் கழுவாம தொட்டுட்டேன் தம்பி. இவ இன்னும் விட மாட்டேங்கிறா."

என் தொப்பை குலுங்கியது. யாரும் தடுக்கவில்லை.