தட்டிய கை

காளியாயிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். கொஞ்சமாம், கொஞ்சம்! அவள் மலையில் நின்று கொழுந்தெடுத்த காலத்தில், பக்கத்துச் செடி நிரைக்காரியோடு பேசினால் கீழே ரோட்டில் போகிறவன் நின்று திரும்பிப் பார்ப்பான். வேலை வாங்கும் கங்காணி ஒரு சத்தம் போட்டால் இவள் இரண்டு போடுவாள். புருஷன் பழனியாண்டி இருந்தவரை அந்த வாய்க்கு ஒரு காவல் இருந்தது. "காளி, போதும்" என்று அவன் சொன்னால் முணுமுணுத்துக்கொண்டே அடங்கிவிடுவாள். அவன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். மகன் லோஜன் கொழும்பில் ஹார்ட்வெயார் கடைக்குப் போனவன் அங்கேயே கல்யாணம் கட்டித் தங்கிவிட்டான். வயது முடிந்ததென்று தோட்டத்திலும் அவள் பேரை வெட்டிவிட்டார்கள். டிக்கோயாவுக்கு மேலே, மலையை ஒட்டி வரிசையாகக் கட்டிய லயத்து அறைகளில் கடைசிக் காம்பராவில் காளியாயி தனியாகக் கிடந்தாள்.

தனியாக என்று சொன்னாலும் முழுத் தனிமை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சீதாலெட்சுமி இருந்தாளே! லயத்துச் சுவரைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். அங்கே கருவாடு பொரித்தால் இங்கே சோறு இறங்கும். அப்படி ஒட்டி வாழ்ந்த இரண்டு பெண்களும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். காளியாயி நட்ட சவ்சவ் கொடி கூரைத் தகரத்தில் ஏறி, சீதா பக்கம் போய்க் காய்த்தது. சீதா பறித்துக் கறி வைத்துவிட்டாள். அவ்வளவுதான்! அன்றைக்கு இவள் பேசிய பேச்சில் சீதாவின் தாய் தகப்பன் யாரும் மிச்சமில்லை.

அன்றிலிருந்து அவர்களுக்குள் இருந்த ஒரே போக்குவரத்து சுவரில் தட்டுவதுதான். இவள் ரேடியோவைச் சத்தமாக வைத்தால் சீதா அகப்பைக் காம்பால் தட்டுவாள். சீதா வீட்டில் டிவி அலறினால் இவள் உலக்கையால் இடிப்பாள். சீதாவின் புருஷன் அழகையா மட்டும் இந்தச் சண்டையில் சேரவில்லை. பழனியாண்டிக்குப் பாடை தூக்கிய ஆள் அவர். "ஒரு காயிக்கு இந்த அடி அடிச்சிக்கிறீங்களே, வெக்கமா இல்லியா ரெண்டு பேருக்கும்?" என்று கேட்பார். வழியில் கண்டால் "என்னா தங்கச்சி, சொகமா?" என்று விசாரிக்காமல் போகமாட்டார். பிறகு அவருக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. போய்ப் பார்க்க வேண்டும் என்று காளியாயிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் சீதாவின் வாசலை மிதிக்க ரோஷம் விடவில்லை. பார்க்காமலே இருந்துவிட்டாள்.

கார்த்திகை மாதம் அந்த மழை பிடித்தது. புயல் என்றார்கள், அதற்கு ஒரு பேரும் வைத்திருந்தார்களாம். கரண்டும் இல்லாமல் போனும் செத்துக் கிடந்த தோட்டத்துக்கு அந்தப் பேர் பிறகுதான் தெரிந்தது. வேலையை நிறுத்திவிட்டார்கள். விடிந்தும் விடியாத மாதிரி ஒரு இருட்டு. தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை.

அன்று காலையில் காளியாயி அடுப்படியில் ஈர விறகைக் கோடாலியால் பிளந்துகொண்டிருந்தாள். சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. அவளுக்குச் சுள்ளென்று வந்தது. பதிலுக்குச் சுவரில் கோடாலிக் காம்பால் ஓங்கி இடித்தாள். தட்டுவது நிற்கவில்லை. இவள் இன்னும் இடிக்க, அதுவும் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தது.

"இந்த மழையில அடுப்பு பத்த வக்கிறதுக்கும் ஒன்கிட்ட உத்தரவு கேக்கணுமாடி?" என்று கோடாலியை வீசிவிட்டு எழுந்தாள். கொட்டுகிற மழையில் வெளியே இறங்கி, சாத்திக் கிடந்த சீதாவின் கதவுக்கு நேரே வந்து இடுப்பில் கையை வைத்து நின்றாள்.

"தட்டுற கை அழுகிப் போக! அந்தச் செவரு ஒன் தலையிலயே விழுந்து நீ நாசமாப் போக!"

சொல்லி வாய் மூடவில்லை, மலை இறங்கிவிட்டது. சேறும் கல்லும் தேயிலைச் செடியும் மரமுமாக லயத்தின் பின்பக்கத்தில் வந்து மோதி, கடைசி இரண்டு காம்பராவையும் அப்படியே மூடியது. வாசலில் நின்ற காளியாயியைத் தூக்கிக் தண்ணீர் ஓடும் கானுக்குள் எறிந்தது. இடுப்பில் அடி. கழுத்துவரை சேற்றில் கிடந்தவளை மேல் லயத்து ஆட்கள் இழுத்தெடுத்தார்கள். அப்போதுதான் மேலேயிருந்து சீதா இரண்டு ஆம்பிளைகளோடு தலைவிரிகோலமாக ஓடி வருவதைப் பார்த்தாள். அழகையா உள்ளே இருந்தார்.

காளியாயிக்கு விஷயம் விளங்கியது, அல்லது விளங்கியதாக நினைத்தாள். மலை வெடிப்பதைச் சீதா முதலில் பார்த்திருக்கிறாள். சுவரில் தட்டி எச்சரித்துவிட்டு, புருஷனைத் தூக்க ஆள் கூப்பிட மேலே ஓடியிருக்கிறாள். அந்தச் சுவரில் வேறு யார் தட்டப் போகிறார்கள்? ஆறு வருஷம் முகம் பார்க்காதவள் உயிரைக் காப்பாற்றினாள். இவளோ அதே நேரத்தில் அவள் வாசலில் நின்று சாபம் கொடுத்தாள்.

தோண்டித் தோண்டித்தான் அழகையாவை எடுத்தார்கள். தூறலோடு தூறலாக அடக்கம் நடந்தது. "தூக்கத்துலயே போயிட்டாரு தாயி. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்று பெண்கள் சீதாவைக் கட்டிக்கொண்டு தேற்றினார்கள். சீதாவும் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லி அழுதாள். காளியாயி கம்பை ஊன்றிக்கொண்டு தள்ளி நின்றாள். கிட்டப் போக அவளுக்குத் தைரியம் வரவில்லை. சடங்கு முடிந்த கையோடு சீதாவின் மகள் கிருஷாந்தி வட்டகொடையிலிருந்து வந்து தாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மிச்சப்பேரெல்லாம் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். அங்கே எந்நேரமும் ஒரே பேச்சுத்தான். யார் எப்படித் தப்பினார்கள், யார் எதை விட்டுவிட்டு ஓடினார்கள், யார் ஆட்டுக்குட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று அழுகையும் சிரிப்புமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "ஒனக்கு எப்படி காளி?" என்று கேட்டால் அவள், "சாமி காப்பாத்துச்சு" என்று மட்டும் சொன்னாள். கேமராவோடு வந்தவர்கள் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவளுக்குத்தான் இடுப்போடு வாயும் அடிபட்டுவிட்டது என்று சனங்கள் கேலி பேசினார்கள்.

பள்ளிக்கூடம் திறக்கும் நாள் வந்தது. சொந்தக்காரர் இருந்தவர்கள் அங்கங்கே போனார்கள். குடும்பம் குடும்பமாக தோட்டத்தின் வேறு டிவிஷனுக்குச் சிலரை அனுப்பினார்கள். ஒண்டியாளுக்கு என்ன கொடுப்பது? சும்மா கிடந்த பழைய டிஸ்பென்சரியில் ஒரு அறையைத் திறந்துவிட்டார்கள். கருங்கல் சுவர், நல்ல கூரை. லயத்தில் பிறந்து லயத்தில் வாழ்ந்தவளுக்கு முதல்முறையாகத் தனி வீடு. ஐயோ, அந்தத் தனி வீடு! யாரும் இருமவில்லை, யாரும் பிள்ளையை அடிக்கவில்லை, ஒரு பாத்திரம் விழவில்லை. தேத்தண்ணீர் ஊற்றினால் குடிக்கத் தோன்றாது. சண்டை போடவாவது ஒரு ஆள் வேண்டும் என்று அவள் வாய்விட்டு அழுதாள். அந்த அழுகையையும் கேட்க ஆளில்லை.

கொழும்பிலிருந்து லோஜன் வந்து பார்த்தான். "அங்க வந்துரும்மா. எடம் சின்னதுதான், சமாளிச்சிக்கலாம்" என்றான்.

"வர்றேன்டா. மொதல்ல எனக்கு ஒரு எடத்துக்குப் போகணும். ஒரு வார்த்த சொல்லணும்" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் பல நாளாகச் சேர்த்து வைத்திருந்தாள். நீ தட்டலேன்னா நான் இல்லே, சீதா. நான் ஒன்னய சபிச்சேன், மன்னிச்சிரு. இரண்டையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் கொழும்புக்குப் போனாலும் சரி, சுடுகாட்டுக்குப் போனாலும் சரி, நெஞ்சு ஆறாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ரயில் பாதை இன்னும் சரியாகவில்லை. அட்டனுக்கு வந்து, தலவாக்கலை பஸ் ஏறி, அங்கேயிருந்து இன்னொரு பஸ்ஸில் வட்டகொடைக்குப் போனாள். வழியெல்லாம் மலைகளில் சிவப்புச் சிவப்பாகக் கிழிந்து கிடந்தது. கையில் சீனியும் தேயிலையும் பிஸ்கட் பக்கெட்டும் வைத்திருந்தாள். துக்கம் கேட்கப் போகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதே.

"வாங்க பெரியம்மா" என்று கிருஷாந்தி கையைப் பிடித்து ஏற்றினாள். சீதா வாசலோர இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். பொட்டில்லாத அந்த நெற்றியைப் பார்த்ததும் காளியாயி சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கேயோ போய்விட்டது. இரண்டு பேரும் முற்றத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கிருஷாந்தி பிளேன்டீ வைத்துவிட்டுப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

"இடுப்பு எப்படிக்கா இருக்கு?" என்று சீதாதான் முதலில் கேட்டாள்.

ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த 'அக்கா'வைக் கேட்டதும் காளியாயி உடைந்துபோனாள். "அடி சீதா! நீ அன்னிக்கு செவத்துல தட்டாம இருந்திருந்தா நானும் உள்ளுக்கே போயிருப்பேன்டி. நீ குடுத்த உசுருடி இது!"

சீதா அவளைப் புரியாமல் பார்த்தாள். "யாரு தட்டுனா?"

"நீதான்."

"நான் எங்கக்கா தட்டுனேன்? நான் வீட்டுலயே இல்லியே." சீதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பின்னால மண்ணு வெடிச்சிருந்துச்சு. என்னால ஒண்டியா அவர தூக்க முடியுமா? மேல் லயத்துக்கு ஆள் கூப்புட ஓடுனேன். அவரு தூங்கிட்டு இருந்தாரு. தூங்கட்டும்னு கதவ சாத்திட்டுத்தான் போனேன்." கொஞ்சம் நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டாள். "ஒன் வாசல தாண்டித்தான்க்கா போனேன். நீ வெறகு பொளக்குற சத்தம் கேட்டுச்சு. வெளிய வாக்கான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். வாய் வரல. பாவி எனக்கு வாய் வரல."

காளியாயி கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். தட்டிய பேச்சை எடுத்திருக்கவே கூடாது என்று அவளுக்குப் புரிந்தபோது, சீதாவுக்கும் புரிந்துவிட்டது.

"கட்டிலு அந்தச் செவத்து ஓரமாத்தான் கெடந்துச்சு" என்றாள் சீதா மெதுவாக. "சோத்துக் கை அவருக்கு நல்லாத்தான் இருந்துச்சு." பிறகு, "அப்ப தூங்கலியா?" என்றாள்.

காளியாயி முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ரொம்ப நேரம் தட்டுனாராக்கா?"

"இல்லடி. கொஞ்ச நேரந்தான்."

"நீ என்னா செஞ்ச?"

"வெளிய ஓடியாந்தேன். ஒங்க வாசலுக்கு."

சீதா சட்டென்று நிமிர்ந்தாள். "எங்க வாசலுக்கா? வந்தியா நீ?"

"வந்தேன்."

"சத்தம் குடுத்தியா? அவருக்குக் கேட்டிருக்குமா?"

"அந்த மழையில..."

"ஒன் சத்தம் யாருக்குக்கா கேக்காமப் போயிருக்கு?" அழுதுகொண்டே ஒரு கணம் சிரித்தாள் சீதா. காளியாயியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "என்னா சொன்ன? சொல்லு. கடசியா அவரு காதுல என்னா விழுந்துச்சு?"

அதைச் சொல்லத்தான் காளியாயி மூன்று பஸ் ஏறி வந்தாள். தட்டுற கை அழுகிப் போக. பேச்சு செத்த மனுஷன், படுக்கையில் கிடந்தபடி, தன்னைத் தூக்கச் சொல்லித் தட்டினாரோ, தங்கச்சி நீ ஓடிப் போ என்று தட்டினாரோ. அந்தக் கைக்கு அவள் கொடுத்தது அதுதான்.

"'அண்ணே, பயப்படாதீங்க, இந்தா வந்துட்டேன்'னு கத்துனேன்" என்றாள்.

சீதா அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நெடுநேரம் அழுதாள். "அப்ப அவரு தனியா போகலக்கா" என்றாள். "போகல. நீ வந்துட்டேன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் போயிருக்காரு."

"ஆமாடி" என்றாள் காளியாயி. சீதாவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

பொழுது சாயும் முன் கிளம்பினாள். சீதா பஸ் நிற்கும் இடம்வரை கூடவே வந்தாள். "நீ எதுக்குக்கா அந்த டிஸ்பென்சரியில தனியா கெடக்குற? இங்க வந்துரு. ரெண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி பேசிக்கிட்டுக் கெடப்போம்" என்றாள். கூட வந்த கிருஷாந்தியும், "ஆமா பெரியம்மா, எடம் இருக்கு" என்றாள்.

காளியாயிக்கு அந்த நிமிஷம் வந்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது. இந்தக் குரலைத் தவிர உலகத்தில் அவளுக்கு வேறு என்ன வேண்டும்? ஆனால் நாலு நாள் சீதாவோடு பேசிக்கொண்டிருந்தால், ஐந்தாம் நாள் அந்தச் சாபம் வெளியே வந்துவிடும். பேச்சு வாக்கில் வரும், இல்லாவிட்டால் தூக்கத்தில் வரும்.

பஸ் வந்தது. சீதா கையை விடவில்லை. "வருவியா?"

"வர்றேன்டி" என்று சொல்லி ஏறினாள். திரும்பி வரமாட்டோம் என்று அவளுக்கு அப்போதே தெரியும்.