அம்மா சாமியோடு பேசாத வருஷம்

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போன மறுநாள் காலை, அம்மா சாமி மாடத்திலிருந்த பித்தளை விளக்கை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கழுவி வெயிலில் காயவைத்தாள். காய்ந்ததும் அதே மாடத்தில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். அன்று சாயங்காலம் நான் விளக்கை நிமிர்த்தப் போனபோது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாங் கண்ணு. உங்கம்மா என்னிக்கு எடுக்கறாளோ அன்னிக்கு எடுக்கட்டும்" என்றார்.

உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் மேட்டுக்காடு எங்களுக்கு இருந்தது. ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. மழையை நம்பி ராகியும், அதற்கு ஊடே அவரையும் போடுவோம். தம்பிக்கு நாலு வயது. வேப்பமரம் பூத்திருந்த பங்குனியில் அவனுக்குப் பெரியம்மை கண்டது. எங்கள் பக்கம் அதை நோய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "அம்மா வந்திருக்கா" என்பார்கள். வந்தவள் மாரியம்மன். அவள் மனம் குளிரவேண்டும் என்று வீட்டில் தாளிப்பதை நிறுத்தினோம். வாசலில் வேப்பிலை செருகினோம். சத்தமாகப் பேசக்கூட இல்லை. வந்தவள் போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். "வூட்டுக்கு வந்தவளுக்கு நான் என்னா கொற வெச்சேன்?" என்று அம்மா ஒரே ஒரு முறை கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

அதற்கு முன்னால் அம்மா நாள் முழுக்கச் சாமியோடு பேசிக்கொண்டே இருப்பாள். கோயிலுக்குப் போவது அபூர்வம். உலையில் அரிசியோ ராகி மாவோ போடும்போது ஒரு வார்த்தை, பசு கன்று போடும்போது ஒரு வார்த்தை, ஆடியில் முதல் பிடி விதையைக் கையில் அள்ளும்போது ஒரு வார்த்தை. மழை தள்ளிப்போனால் திட்டுவதும் உண்டு. பக்கத்து அறையில் இருக்கும் ஆளிடம் பேசுவதுபோல இருக்கும். இப்போது எல்லா வேலையும் நடந்தது, அந்தப் பேச்சு மட்டும் நின்றுவிட்டது. களி கிண்டும் துடுப்பின் சத்தம் மட்டும் கேட்கும். வீட்டில் தம்பி இல்லை என்பதைவிட, அந்தச் சத்தமில்லாமைதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

சில மாதம் கழித்து அம்மை குத்துகிறவர் சைக்கிளில் வந்தார். அவர் வருகிறார் என்றாலே பிள்ளைகளைக் குதிருக்குப் பின்னாலும் சோளக்காட்டிலும் ஒளித்துவைப்பது ஊர் வழக்கம். அம்மன் வரும் வழியில் ஊசியை நீட்டினால் கோபித்துக்கொள்வாள் என்பார்கள். அதற்கு முந்திய வருஷம் அம்மாவும் எங்கள் இருவரையும் மாட்டோடு காட்டுக்கு அனுப்பிவைத்தவள்தான். இந்த முறை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எல்லாருக்கும் முன்னால் நிறுத்தினாள். நான் அழுதேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. முளைத்த ராகி முழங்கால் உயரத்திலேயே கருகியது. ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. கீழ்வீட்டுச் சின்னம்மாதான் அதை வாய்விட்டுச் சொன்னவள். அத்திப்பள்ளிப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். வீட்டில் கன்னடம் பேசுவாள், எங்களிடம் தமிழ். கிணற்றடியில் எல்லார் எதிரிலும், "அக்கா, நீ வெளக்கக் கவுத்துட்ட, அம்மன எதுத்து புள்ளைக்கு ஊசியும் போட வெச்ச. மழ எங்கிருந்து வரும்?" என்றாள்.

அம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "எம் மேல கோவம்னா என்னத்தான கேக்கணும்? ஊருக் காட்ட ஏன் காய வெக்கறா?" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

அடுத்த பங்குனியில் சின்னம்மாவின் மகனுக்கு அம்மை முத்து போட்டது. அவனும் ஊசிக்கு ஒளித்துவைக்கப்பட்டவன். சின்னம்மாவோ நிறைமாதக் கர்ப்பிணி. அவளைப் பிள்ளையின் அருகே விடவில்லை. அவள் புருஷன் பயந்து பிள்ளையின் பக்கமே போகவில்லை. உறவு சனம் தெருமுனையோடு திரும்பிப் போனது. அம்மாவுக்குச் சிறுவயதிலேயே அம்மை வந்து போயிருந்தது, முகமெல்லாம் தழும்பு. ஒருமுறை வந்தவர்களுக்குத் திரும்ப வராது என்பது எல்லாருக்கும் தெரியும்.

உச்சிவெயிலில் சின்னம்மா எங்கள் வாசலுக்கு வந்தாள். வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போதும் 'அக்கா' என்று கூப்பிடுகிறவள், அன்று "பாரம்மா" என்றாள். கன்னடத்தில் அதற்கு 'வா அம்மா' என்று பொருள். திருவிழாவில் கரகம் வரும்போது அவள் மாரியம்மனை அப்படித்தான் கூப்பிடுவாள். மறுபடி, "பாரம்மா" என்றாள்.

அம்மா உள்ளே போய் மரப்பெட்டியைத் திறந்தாள். தம்பியைத் தூளி கட்டித் தூங்கவைத்த பழைய சேலை அதில் இருந்தது. அவன் போனபின் அதை யாரும் தொட்டதில்லை. அதைத் துண்டு துண்டாகக் கிழித்தாள். "கண்ணத் தொடைக்க மெத்துனு துணி வேணும்" என்றாள்.

"சாமி இருக்கற வூட்டுக்குப் போற. கோவத்தோட போவாத" என்றார் அப்பா, தயங்கித் தயங்கி.

"நான் சாமியப் பாக்கப் போவல. புள்ளயப் பாக்கப் போறேன்."

அந்தப் பிள்ளைக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அம்மா எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. நான் கூழைக் கொண்டுபோய்த் தூரத்தில் வைத்துவிட்டு வருவேன். உள்ளே அவள் வேப்பிலைக் கொத்தால் ஈ ஓட்டிக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பாள். "கொஞ்சம் எறங்கு தாயி, பச்சப் புள்ள தாங்காது. நீயும் பெத்தவதான." வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு யாரோ திரும்பி வந்ததுபோல இருந்தது. ஆனால் அது சமாதானப் பேச்சு இல்லை. அதட்டலும் கெஞ்சலும் ஒன்றாகக் கலந்திருந்த பேச்சு.

பையன் பிழைத்தான். இடது கண் மட்டும் பூ விழுந்து போனது. சின்னம்மா காலில் விழ வந்தபோது அம்மா நகர்ந்துகொண்டாள். அந்தக் கண்ணுக்காக அவள் வெகுநாள் வருந்தினாள். திருவிழாவில் முதல் மாவிளக்கை நீதான் எடுக்கவேண்டும் என்று ஊர் கேட்டும் போகவில்லை. எங்கள் மாடத்து விளக்கு எப்போது நிமிர்ந்தது என்று எனக்கு நினைவில்லை. ஒரு நாள் அது எரிந்துகொண்டிருந்தது.

இப்போது எங்கள் ஊர்ச் சாலையில் கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. எங்கள் மேட்டுக்காட்டில் பாதியை விற்றாகிவிட்டது. அம்மா தளர்ந்துபோயிருந்த ஒரு மார்கழியில், மீதிக் காட்டில் அவள் அவரை பறித்துக்கொண்டிருந்தாள். பனி விழுந்த அவரைக்கு ஒரு மணம் உண்டு, கையில் ஒட்டினால் நாள் முழுக்கப் போகாது. பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்த நான், அத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன். "ஏம்மா, சாமி மேல இருந்த கோவம் போயிடுச்சா?"

அம்மா காயிலிருந்து கையை எடுக்கவில்லை. "எங்க போவும்?" என்றாள். பறித்ததை மடியில் போட்டுக்கொண்டு, "ரோட்ல போறவங்க மேலயா கோவப்படுவம்? வூட்ல இருக்கறவங்க மேலதான" என்றாள்.