அரிசி டின்னில் இருந்த இத்தாலிப் பாட்டு

கித்துல்கலையில் வெள்ளைக்காரர்கள் படகு விட வந்து தங்கும் ஹோட்டலில் நான் துணி துவைத்துக்கொண்டிருந்த காலம். தன் ஊருக்குத் திரும்பும்போது ஓர் இத்தாலிக்காரி எனக்கு ஒரு பாட்டு கெசட் கொடுத்தாள். ஹோட்டல் முதலாளியம்மா நோனா அதைப் பற்றிச் சிங்களத்தில் விளக்கினாள். பாடுகிறவர் அதுவரை என்னென்னவோ சத்தங்களைப் பதிந்து, யாரும் வாங்காத பாட்டாகவே போட்டவராம். இது மட்டும் அவர்கள் நாட்டில் கடைக்குக் கடை விற்றுத் தீர்ந்ததாம்.

எனக்கு அது உயிர். ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் கூடவே பாடுவேன். அம்மாவுக்கு அது பூனைப் பாட்டு. முதல் பாட்டில் தண்ணீர் சொட்டும், கதவு கிரீச்சிடும், யாரோ முனகுவார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு தாள அடி விழுந்து காலை ஆடக் கிளப்பும். அம்மா அதுவரை பொறுத்தால்தானே? என் கல்யாணத்துக்கு முதல் நாள், மானம் போய்விடும் என்று கெசட்டை எங்கேயோ ஒளித்துவிட்டாள்.

கல்யாணத்தன்று நல்ல மழை. றப்பர் பால் வெட்டு இல்லாததால் தோட்டமே எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கூடிவிட்டது. மேட்டுக்கு வேன் ஏறாது; மாப்பிள்ளை வீட்டார் ரோட்டில் இறங்கி நடந்து வரவேண்டும். கல்யாண வீட்டு ஸ்பீக்கர் திடீரென்று நின்றால், லயத்தில் சாவு என்றுதான் எங்கள் பக்கம் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் மாப்பிள்ளையைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள்.

அவர்கள் அரநாயக்கவிலிருந்து வந்து இறங்கிய நேரம் பார்த்து, மெஷின் சாமிப் பாட்டு கெசட்டை விழுங்கித் தொலைத்தது. லயத்து கெசட்டெல்லாம் ஸ்பீக்கர்காரரின் பெட்டியில் மழைத் தண்ணீரில் ஊறிக் கிடந்தன. கீழே குடைகள் அசையாமல் நின்றன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெண் பார்க்க வந்த அன்றே எனக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

அம்மா அரிசி டின்னுக்குள் கையை விட்டு என் கெசட்டை எடுத்தாள். முந்தானையால் துடைத்து ஸ்பீக்கர்காரரிடம் நீட்டினாள்.

"போடுங்க தம்பி. ஏதாச்சும் சத்தம் வரட்டும்."

தண்ணீர் சொட்டியது. கதவு கிரீச்சிட்டது. முனகல் மலை முழுக்கக் கேட்டது. ஒப்பாரி என்றே முடிவு கட்டிவிடுவார்கள் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பிறகு அந்த அடி விழுந்தது. கண்ணைத் திறந்தால், கீழே ஒரு குடை ஆடுகிறது. மாப்பிள்ளையின் சித்தப்பா சேற்றில் ஆடிக்கொண்டே மேடேறினார். அவர் பின்னால் மொத்தக் கூட்டமும், சிரித்த முகமாக என் மாப்பிள்ளையும்.

தாலி கட்டி முடிந்ததும் ஸ்பீக்கர்காரர் ஒரு கெசட்டை எப்படியோ காயவைத்துக் கொண்டுவந்தார். அம்மா விடவில்லை.

"அது கெடக்கட்டும் தம்பி. அந்தப் பூனப் பாட்டையே திருப்பிப் போடுங்க."