ஷேக் பரீதின் கால்கள்

இது நடந்தது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. கொலுசுச் சத்தம், மல்லிகை வாசனை, வெள்ளைப் புடவை... சுத்த அசட்டுத்தனம். அதெல்லாம் இதில் வராது. நம்ப விருப்பமில்லாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம். நானும் பல வருஷம் நம்பாமல் இருந்து பார்த்தவள்தான்.

என் பெயர் அம்சவல்லி. பிசியோதெரபிஸ்ட். 1999-ல் மன்னார்குடியில் அறை எடுத்துத் தங்கி, வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தேன். வளைகுடாவிலிருந்து டேப் ரிக்கார்டரும் சென்ட் பாட்டிலுமாக ஆட்கள் வந்து இறங்கிய காலம். சிலர் ஸ்ட்ரெச்சரில் வந்து இறங்கினார்கள். அவர்கள்தான் எனக்குப் பிழைப்பு.

ஷேக் பரீத் அப்படி வந்தவர். முப்பத்திரண்டு வயது. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கியவர். திருத்துறைப்பூண்டிக்கு வெளியே, கொல்லைப்புறம் வயலைத் தொட்டபடி அவர் வீடு. அவர் மனைவி சாஜிதா எதையும் சத்தமாகப் பேசமாட்டாள். அவளுக்கும் சேர்த்து அவள் அண்ணன் மூஸா பேசுவார்.

நான் போன முதல் நாளே மூஸா ஒரு 'நரம்பு வைத்தியரை' உட்கார வைத்திருந்தார். விரலுக்கு ஒரு மோதிரம். பக்கத்தில் எண்ணெய்க் குப்பி.

"நரம்பு சுருண்டுக்கிச்சு. அவ்வளவுதான். நீவி விட்டா நீண்டுக்கும்," என்றார் வைத்தியர்.

"எந்த நரம்பு?" என்று கேட்டேன்.

பரீதின் முழங்காலுக்குக் கீழே நீலமாக ஓடிய கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

"அது சிரை. ரத்தம் போற குழாய்."

குதிகாலுக்கு மேலே கயிறு போல இருந்ததைப் பிடித்தார். "அப்ப இது?"

"அது தசைநாண். தசையை எலும்போட கட்டி வைக்கிறது."

"அப்ப நரம்புதான் எங்கம்மா இருக்கு?" என்று அவர் என்னையே கேட்டார். முப்பது வருஷமாக நரம்பு வைத்தியம் பார்க்கிற மனிதர்! நம் ஊரில் புடைத்தால் நரம்பு, இழுத்தால் நரம்பு, ஊசி போட்டாலும் நரம்பு. கடைசியில் நரம்பு எது என்று ஒருவருக்கும் தெரியாது.

சாஜிதாவுக்காக மட்டும் விளக்கினேன். மூளையின் அடியில் முகுளம். அதற்குக் கீழே, முதுகெலும்புக்குள், சுண்டுவிரல் கனத்தில் தண்டுவடம் இறங்குகிறது. அதிலிருந்து முப்பத்தொரு ஜோடி நரம்புகள் உடம்பெங்கும் பிரிகின்றன. மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகிறவை இயக்க நரம்புகள். தோலில் படுவதை மூளைக்குக் கொண்டுவருகிறவை உணர்வு நரம்புகள். இவருக்குத் தண்டுவடம் நடுமுதுகில் அறுந்துவிட்டது. ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்தது. தொப்புளுக்குக் கீழே எதுவும் போகாது, எதுவும் வராது.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பரீதின் வலது கால் வெட்டி உதறியது.

"பாத்தீங்களா! கால் ஆடுது!" என்று மூஸா எழுந்தே விட்டார்.

"அது அனிச்சைச் செயல். தண்டுவடம் தானா செய்யுது. மூளைக்குத் தெரியவே தெரியாது."

மூஸா முகத்தில் ஒரு சிரிப்பு. இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்கிற சிரிப்பு. அதை எனக்கு நன்றாகத் தெரியும். மன்னார்குடியிலும் பார்த்திருக்கிறேன், தஞ்சாவூரிலும் பார்த்திருக்கிறேன்.

நான் என் வேலையைப் பார்த்தேன். அனிச்சைச் செயலைச் சோதிக்கிற ரப்பர் சுத்தியலின் பிடியால் உள்ளங்காலில் கீறினேன். பெருவிரல் மேலே போனது. சரியாக இருந்தது. பிறந்த குழந்தைக்கும் இப்படித்தான் மேலே போகும். மூளையின் பிடி பாதம் வரை வந்து சேர்ந்த பிறகுதான் கீழே மடங்கத் தொடங்கும். பிடி அறுந்துவிட்டால் மறுபடியும் மேலேதான்.

வாரம் மூன்று நாள் போனேன். ஒவ்வொரு முறையும் பெருவிரல் மேலே.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஒரு திங்கட்கிழமை வழக்கம்போல உள்ளங்காலில் கீறினேன்.

பெருவிரல் கீழே மடங்கியது.

தப்பாகக் கீறிவிட்டேன் என்று நினைத்து மறுபடி கீறினேன். கீழே. அடுத்த காலிலும் கீறினேன். கீழே.

"என்ன மேடம்?" என்றாள் சாஜிதா.

"ஒண்ணுமில்ல."

இல்லாத நம்பிக்கையைக் கொடுப்பதற்கு மோதிரக்காரர் இருக்கிறார். நான் எதற்கு? ஆனால் உள்ளுக்குள் ஒன்று உறுத்தியது. பெருவிரல் கீழே போனால் அந்தக் கால் ஒரு மூளையோடு இணைந்திருக்கிறது என்று அர்த்தம்.

புதன்கிழமை, இடுப்புக்குக் கீழே போர்வையைத் தூக்கிப் பிடித்து அவருக்குக் கால் தெரியாமல் மறைத்துக்கொண்டு, "பெருவிரலை ஆட்டுங்க," என்றேன்.

பரீத் கண்ணை மூடி, பல்லைக் கடித்து முயன்றார். நெற்றி வியர்த்தது. கால் அசையவில்லை.

"முடியல மேடம்," என்று விட்டுவிட்டார்.

அதன் பிறகு பெருவிரல் அசைந்தது. நிதானமாக. ஒரு தடவை... இரண்டு தடவை...

"இப்ப நீங்களா ஆட்டினீங்க?"

"எதை?" என்றார்.

அனிச்சைச் செயல் இப்படி நிதானமாக இருக்காது. ஒரு கட்டளையைக் கேட்டுவிட்டு, காத்திருந்து, அசையாது.

பஸ்ஸில் திரும்பும்போது என்னையே திட்டிக்கொண்டேன். படித்தவள் செய்கிற காரியமா இது? ஒரு கால் விரலுக்கு இவ்வளவு யோசனை!

வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. மழையில் பஸ் தாமதமாகி, நான் போய்ச் சேரும்போது மாலை ஐந்தரை. மூஸா கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எண்ணெய் வேலை செய்யுது மேடம். காலையில கால் தானா மடங்கி நீண்டுச்சு. நீங்க இனிமே கஷ்டப்பட வேணாம்."

அறைக்குள் போனேன்.

ஆறேகாலுக்கு மின்சாரம் போனது.

சாஜிதா விளக்கு எடுக்கப் போனாள். நான் ஜன்னல் ஓரமாக நின்றேன். வெளியே வயலில் தவளைகள் ஓயாமல் கத்தின.

சிமெண்டுத் தரையில் ஒரு சத்தம் கேட்டது.

தப்.

வெறும் குதிகால் ஊன்றுகிற சத்தம்.

தப்.

தவளைகள் நின்றுவிட்டன.

"மேடம்..." பரீதின் குரல். "நீங்களா என்னைத் தூக்குறீங்க?"

நான் ஜன்னல் ஓரத்தில்தான் நின்றிருந்தேன்.

மயிர்க்கால்கள் குத்திட்டன. வாய் உலர்ந்தது. பயந்தால் உடம்பைச் சிலிர்க்க வைக்கிற பரிவு நரம்புகளின் வேலை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லியும் நிற்கவில்லை.

சாஜிதா விளக்கோடு வந்தாள். அந்த வெளிச்சத்தில் பார்த்தேன்.

கால்கள் நின்றன.

இடுப்புக்கு மேலே உடம்பு துவண்டு பின்பக்கமாகச் சரிந்திருந்தது. இரண்டு கைகளும் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தன. எட்டு மாதமாகத் தரையில் ஊன்றாத கால்கள். தசை வற்றி, குச்சியாகிப் போன கால்கள். அவை நின்றன.

பிறகு நடந்தன.

கட்டிலிலிருந்து பரீதின் கைகள் பிய்த்துக்கொண்டு வந்தன.

"புடிங்க! என்னைப் புடிங்க! நான் நடக்கல... இது நான் இல்ல..."

"மச்சான் நடக்குறாரு!" மூஸா கூடத்திலிருந்து கத்தினார். அழுதார். கைதட்டினார். முட்டாள்! அந்த முகத்தைப் பார்த்துமா கைதட்டுவது?

கால்கள் கொல்லைப்புற வாசலைத் தாண்டின. படி இறங்கின. தடுமாறவில்லை. இருட்டில் வழி தெரிந்ததுபோல வரப்பில் ஏறின.

வயலில் இறங்கின.

சேறு. நட்டு ஒரு மாதம் ஆகாத சம்பாப் பயிர். பரீத் முன்பக்கமாகக் கவிழ்ந்தார். கைகள் தண்ணீரைத் துழாவின. கால்கள் மட்டும் முழங்கால் வரை சேற்றில் நட்டமாக நின்றன.

இடது பாதம் மெதுவாக வெளியே வந்தது. மறுபடியும் சேற்றில் அழுந்தியது. விரல்களை விரித்து... ருசித்து...

சளக்.

சளக்.

நான் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து அவர் அக்குளில் கை கொடுத்து இழுத்தேன்.

வரவில்லை.

கால்கள் எதிர்த்தன. முன்னே இழுத்தன.

இன்னும் பலமாக இழுத்தேன். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

ஏதோ விட்டது.

அவ்வளவு கனமும் ஒரே நொடியில் என்மேல் சரிந்தது. இருவரும் சேற்றில் விழுந்தோம்.

தவளைகள் மறுபடியும் கத்தத் தொடங்கின.

அன்றைக்குப் பிறகு அந்தக் கால்கள் உதறியதே இல்லை. உள்ளங்காலில் கீறினால் பெருவிரல் மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. முழங்காலில் தட்டினாலும் அசைவில்லை. மூளையோடு தொடர்பு அறுந்தாலும் கீழ்த் தண்டுவடம் உயிரோடுதான் இருக்கும், அனிச்சைச் செயல் நிற்காது என்றுதான் படித்திருந்தேன். தஞ்சாவூரில் ஒரு பெரிய டாக்டரிடம் சொன்னேன். "தசை இறுக்கம் குறைஞ்சா நல்லதுதானேம்மா," என்று அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அவ்வளவுதான் அவருடைய ஆராய்ச்சி.

மூஸா எண்ணெய்க் குப்பியைத் தூக்கி எறிந்தார். அது ஒன்றுதான் இதில் நடந்த நல்ல காரியம். பரீத் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஒரு எஸ்.டி.டி. பூத் நடத்தத் தொடங்கினார். அன்று மாலையைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. கைப்பயிற்சிக்காக மட்டும் போய்க்கொண்டிருந்தேன்.

மாசி மாதம், பரீதோடு ஒரே அறையில் தங்கி வேலை பார்த்த பக்கீர் முகம்மது விடுமுறையில் வந்தார். பூத்துக்கு அவர் வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"நம்ம வைரக்கண்ணு கடைசி வரைக்கும் உங்களைக் கேட்டுக்கிட்டே இருந்தான் பாய்," என்றார்.

பரீத் நிமிர்ந்தார். "வைரக்கண்ணா? என்கூட அதே சாரத்துலேருந்து விழுந்தவனா? அன்னிக்கே போயிட்டான்னு சொன்னாங்களே?"

"யார் சொன்னது? எட்டு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தான். கழுத்து எலும்பு போயிடுச்சு. கழுத்துக்குக் கீழே ஒண்ணுமே தெரியாது. கண்ணும் வாயும்தான் மிச்சம்."

"எப்ப போனான்?" என்று நான் கேட்டேன். அவர்களுடைய பேச்சில் நான் நுழைந்தது அவருக்கு வியப்பாக இருந்திருக்கும். ஆனாலும் சொன்னார்.

"தீபாவளிக்கு முந்துன வெள்ளிக்கிழமைங்க. எனக்கு லீவு. பாக்கப் போயிருந்தேன். அங்கே நாலே முக்கால் இருக்கும்."

அங்கே நாலே முக்கால் என்றால், இங்கே ஆறேகால்.

"திடீர்னு அவன் முகமெல்லாம் சிரிப்புங்க. 'எந்திரிச்சுட்டேண்டா பக்கீரு'ன்னான். மருந்து மயக்கம்னு நினைச்சேன். 'நடக்குறேண்டா... வயல்ல நிக்கிறேன்... சேறு ஜில்லுனு இருக்குடா'ன்னான். எட்டு மாசத்துல அவன் சிரிச்சு நான் பாத்தது அன்னிக்குத்தான்."

பக்கீர் முகம்மது குரலைத் தாழ்த்தினார்.

"அப்புறம் முகம் மாறிப்போச்சு. பயந்துட்டான். 'எவளோ ஒருத்தி பின்னாலேருந்து புடிச்சு இழுக்குறாடா... விடச் சொல்லுடா... விடச் சொல்லுடா'ன்னு கத்தினான். அதோட போயிட்டான்."



பரீத் என் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.