நண்டு வானுக்கு எழுதிய பாஸ்

மன்னார்த் தீவின் பேசாலையில் நண்டு உடைக்கும் கம்பனியில் அருள்நாயகியின் கைதான் வேகமான கை. அவித்த நண்டின் ஓட்டைப் பிளந்து, சதை சிதறாமல் அவள் தட்டில் வைத்து முடிக்கும்போது, பக்கத்தில் இருப்பவள் இரண்டு கால்களைத்தான் கழற்றியிருப்பாள். வாயும் அதே வேகம். அங்கே வேலைசெய்த நாற்பது பெண்களுக்கும் அவளையே மேற்பார்வைக்கு வைத்திருந்தார்கள்.

கொழும்புக்காரருடைய அந்தக் கம்பனி வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு ஏதாவது செய்யும். ஒரு வருடம் பள்ளிக்கூடத்துக்குக் கொப்பிகள், அடுத்த வருடம் கோயிலுக்கு ஒலிபெருக்கி. போர் நடந்துகொண்டிருந்த தொண்ணூற்றெட்டில் மனேஜர் செல்வநாயகம் ஒரு வரைபடத்தோடு வந்தார். ஊர் வாசலில் கம்பனியின் பெயர் பொறித்த சீமெந்து வளைவு.

"வடிவாய்த்தான் இருக்கு ஐயா," என்றாள் அருள்நாயகி. "பிள்ளை பெறப் போறவள் இதுக்குக் கீழால எதில போறது?"

செல்வநாயகத்துக்கு விளங்கவில்லை. அவள் தன் தங்கை பிரான்சிஸ்காவைப் பற்றிச் சொன்னாள். இரண்டு வருடங்களுக்கு முன் பிரசவ நோக்காடு கண்டபோது உழவு இயந்திரப் பெட்டியில்தான் மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள். குலுங்கிக் குலுங்கி, வழியில் தோட்டவெளிக் கிராமத்தைத் தாண்டுவதற்குள் பிள்ளை போய்விட்டது. ஊரில் டீசல் எண்ணெயும், காவலரண்களைக் கடக்கும் இராணுவப் பாஸும் இருந்த வாகனம் ஒன்றே ஒன்றுதான், கம்பனியின் வான்.

"அது நண்டு கொண்டுபோக எண்டு எடுத்த பாஸ், அருள்நாயகி."

"ஓம் ஐயா. அவிச்ச நண்டுக்குப் பாஸ் இருக்கு. உயிரோட இருக்கிற பொம்பிளைக்கு இல்லை."

செல்வநாயகம் வரைபடத்தைச் சுருட்டினார். நாற்பது பெண்களும் கையெழுத்திட்ட கடிதம் அவரோடு கொழும்புக்குப் போனது. ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. வளைவு இல்லை. வானுக்குள் ஆள் படுக்க, மெத்தை போட்ட வாங்கு ஒன்று பூட்டலாம், எண்ணெய் கம்பனியின் செலவு, நோயாளியை ஏற்றுவதற்கான பாஸை மட்டும் ஊரார் கேட்டு எடுக்க வேண்டும்.

அருள்நாயகி மனேஜரையும் கூட்டிக்கொண்டு இராணுவ முகாமுக்குப் போனாள்.  நோயாளி என்ற பெயரில் வேறு யாராவது போனால் யார் பொறுப்பு என்று அங்கிருந்த அதிகாரி மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.  அருள்நாயகி தன் அடையாள அட்டையை மேசையில் வைத்தாள்.

"நான் பொறுப்பு. ஒவ்வொருமுறையும் வானில நானும் போவன்."

பாஸில் நோயாளிக்கும் அருள்நாயகிக்குமாக ஒரு வரி கூடியது.

இரண்டு கிழமை கழித்து, ஞாயிறு பூசையின் நடுவில், வான் ஓட்டும் பஸ்ரியன் கோயில் வாசலில் நின்று கை காட்டினான். வெள்ளாங்குளத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த பாலம்மாவுக்கு நோக்காடு. அருள்நாயகி முக்காட்டோடு ஓடினாள். வானுக்குள் நண்டு மணத்தது. பாலம்மா அவள் கையை நெரித்துப் பிடித்திருந்தாள்.

"உழவு மெசினில ஏத்தாம விட்டீங்களே அக்கா, அதுவே போதும்," என்றாள் மூச்சிரைப்புக்கிடையில்.

தாராபுரத்தடியில் காவலரண். சிப்பாய் ஒருவன் பாஸை மேலும் கீழும் பார்த்தான். அருள்நாயகி கண்ணாடியைத் திறந்து, தெரிந்த அரைச் சிங்களத்தில், "லமயா எனவா" என்றாள். பிள்ளை வருகுது என்று சொன்னது அவனுக்கு விளங்கியது. உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, ஓடிப்போய்த் தானே தடுப்பைத் தூக்கினான்.

மன்னார் ஆஸ்பத்திரியில் தாதிமார் பாலம்மாவை உள்ளே கொண்டுபோய்க் கால்மணி நேரம் ஆகவில்லை, அழுகைச் சத்தம் கேட்டது. பெண் பிள்ளை. அருள்நாயகி நடைபாதைச் சுவரில் சாய்ந்து, பிரான்சிஸ்காவை நினைத்து ஒருபாட்டம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பிள்ளையைப் பார்க்கப் போனாள்.

மூன்றாம் நாள் தாயும் பிள்ளையும் அதே வானில் திரும்பினார்கள். ஊர் எல்லையிலிருந்தே பஸ்ரியன் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தான். கம்பனி வாசலில் நாற்பது பெண்களும் நண்டுச் சதை ஒட்டிய கைகளோடு வந்து நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் பிரான்சிஸ்காவும் நின்றாள். பிள்ளையை முதலில் கையில் வாங்கியவள் அவள்தான்.

"அழகாய் இருக்கிறாள்," என்றார் செல்வநாயகம்.

"பின்னே," என்றாள் அருள்நாயகி. "சரி, எல்லாரும் கையைக் கழுவிப்போட்டு உள்ள வாங்கோ. பின்னேரம் வான் நண்டோட போகவேணும்."